துகள் அளவா, கலக்கியின் வேகமா? தேர்வு ஹைட்ரஜனேற்றத்தில் அளவு விளைவை அளக்கப் போகிறவர்களுக்கு

எட்டு மாத உழைப்பு ஒரே கேள்வியில் போனது. ஐந்து வேறு அளவுகளில் பல்லேடியம் துகள்கள் செய்து, ஃபினைல்அசிட்டிலீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, அதற்கு மேல் போக விடாமல் ஸ்டைரீனோடு நிறுத்தி (தேர்வு ஹைட்ரஜனேற்றம் என்பது இதுதான்), துகள் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு மேற்பரப்பு அணுவின் வேகமும் கூடுகிறது என்று குழுக் கூட்டத்தில் வரைபடம் காட்டினேன். ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்கோடு. பின்வரிசையில் இருந்த மூத்த மாணவி ஒருவர், "கலக்கியை எத்தனை சுற்றில் ஓட விட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். கோடு கலைந்துவிட்டது.

இரண்டாம் முறை அதே வேலையைப் பதினான்கு வாரத்தில் முடித்தேன். முதல் தடவை யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். உலோக வினையூக்கி, தாங்கி (உலோகத் துகள்கள் ஒட்டியிருக்கும் தூள்), ஜிசி (கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி) என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகத்துக்குப் புதியவராக இருந்தாலும் பரவாயில்லை, வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. எந்த வினை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துகள் அளவு எல்லா வினையையும் பாதிப்பதில்லை. எத்திலீனை ஹைட்ரஜனேற்றுவதில் அளவு மாறினாலும் மேற்பரப்பு அணு ஒன்றுக்கான வேகம் ஏறக்குறைய மாறாது. அந்த வினையை எடுத்துக்கொண்டு அளவு விளைவைத் தேடினால் ஆறு மாதம் கழித்து வெறுங்கையோடு வருவீர்கள். (அதைச் சரிபார்ப்பு வினையாக வைத்துக்கொள்ளலாம், அது வேறு.)

அளவு உண்மையிலேயே பேசும் இடங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பல்லேடியத்தின் மேல் ஆல்கைன் (ஃபினைல்அசிட்டிலீன் போல முப்பிணைப்பு உள்ளவை), டையீன் (இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளவை) வகைகள். துகள் மிகச் சிறிதாகும்போது, தோராயமாக 3 நானோமீட்டருக்குக் கீழே, மூலை, விளிம்பு அணுக்கள் இந்த மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்தவை விடுவதில்லை. அதனால் ஓர் அணுவுக்கான வேகம் குறைகிறது. இரண்டாவது, பிளாட்டினத்தின் மேல் சின்னமால்டிஹைடு. இங்கே பெரிய துகளின் தட்டையான முகம் ஃபினைல் வளையத்தை நெருங்க விடாமல் தள்ளுகிறது. மூலக்கூறு படுக்க முடியாமல் ஆல்டிஹைடு முனையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. விளைவு, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு தப்பிக்க, சின்னமைல் ஆல்கஹால் கூடுதலாக வருகிறது.

பல்லேடியத்தில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு: ஹைட்ரைடு. அறை வெப்பநிலையில் பெரிய பல்லேடியம் ஒரு பாரில் நூறில் சில பங்கு அழுத்தத்திலேயே ஹைட்ரஜனை உள்ளே இழுத்து ஹைட்ரைடாகிவிடும். நீங்கள் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்தக் கலனில்) போடும் 3 பார், 5 பார் என்பது அதற்கு மிக மிக அதிகம். துகள் சிறியதாக ஆக உள்ளே தங்கும் ஹைட்ரஜன் குறைகிறது. உள்ளிருந்து மேலே வரும் ஹைட்ரஜன், நமக்கு வேண்டிய ஆல்கீனை (இரட்டைப் பிணைப்பு) தாண்டி ஆல்கேன் (ஒற்றைப் பிணைப்பு) வரை இழுத்துக்கொண்டு போகக்கூடியது. ஆகவே பெரிய துகளில் தேர்வுத்திறன் (மாறியதில் வேண்டிய பொருளின் பங்கு) குறைந்தால் அது முகத்தின் வேலையா, உள்ளே இருக்கும் ஹைட்ரஜனின் வேலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டிவரும். எந்த வினை, எந்த உலோகம், என்ன எதிர்பார்க்கிறேன், ஏன் என்ற நான்கையும் நோட்டில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தேதி போடுங்கள். பின்னால் முடிவுக்குத் தகுந்த மாதிரி எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளும் ஆசை வரும். எனக்கு வந்தது.

2. காகித வேலை: தள்ளிப் போட்டால் மாதம் போகும்

தயாரிப்பு தொடங்கும் அன்றே இவற்றையும் தொடங்குங்கள்.

உயர் அழுத்த வேலைக்கான பாதுகாப்பு அனுமதி. கலன் எத்தனை பார் தாங்கும், வெடிதகடு எந்த அழுத்தத்தில் கிழியும், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்பார்கள். கலனின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உலோக உப்பின் பகுப்பாய்வுச் சான்று. இதைப் பெரும்பாலோர் வாங்கிய பெட்டியோடு தூக்கி எறிகிறார்கள். பல்லேடியம் குளோரைடில் உலோகம் 60% என்று கணக்குப் போடலாம், ஆனால் நைட்ரேட் ஹைட்ரேட்டில் நீரின் அளவு தொகுதிக்குத் தொகுதி மாறும். சான்றிதழில் உள்ள உலோக சதவீதத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

கருவி நேரம். டெம் கருவிக்கு (துகள்களைப் படம் எடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வரிசை நீளம். ஐந்து மாதிரி, வினைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். செலவில் பெரிய பங்கு இதுதான், உலோகம் இல்லை. 1% பல்லேடியம் 5 கிராம் வினையூக்கி செய்ய 50 மில்லிகிராம் உலோகம்தான் தேவை. ஐந்துக்கும் சேர்த்து கால் கிராம். ஆகவே சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் டெம் நேரம்: எக்ஸ்ஆர்டியிலும் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) வாயு உறிஞ்சல் அளவீட்டிலும் (உலோக மேற்பரப்பில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்று அளப்பது) தேறிய மாதிரிகளை மட்டும் அங்கே கொண்டு போங்கள்.

3. துகள்களைச் செய்வது: அளவைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது

சொல்வது சுலபம். துகள் அளவை மாற்ற மூன்று வழி உண்டு, மூன்றிலும் பொறி உண்டு.

உலோகத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது முதல் வழி. 0.5% போட்டால் சிறிய துகள், 5% போட்டால் பெரிய துகள். கூடவே துகள்களுக்கிடையே உள்ள தூரமும், தாங்கியின் வெற்று மேற்பரப்பும், மிஞ்சும் குளோரைடும் மாறுகின்றன.

ஒரே வினையூக்கியை வேறு வேறு வெப்பத்தில் சுட்டுத் துகளை வளர விடுவது இரண்டாவது. டைட்டானியாவை, அதாவது டைட்டானியம் டைஆக்சைடை, தாங்கியாக வைத்திருந்தால் இது ஆபத்து. ஹைட்ரஜனில் 500 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் தாங்கியே உலோகத்தின் மேல் ஏறிப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் நீங்கள் அளப்பது அளவு விளைவு அல்ல, போர்வை விளைவு.

மூன்றாவது, கரைசலில் கூழ்மமாகத் துகள்களைச் செய்து அப்படியே தாங்கியில் ஏற்றுவது. அளவுக் கட்டுப்பாடு இதில்தான் நன்றாக வரும். ஆனால் துகள்கள் ஒன்று சேராமலிருக்கப் போட்ட பாலிமர் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். சிறிய துகளுக்குப் பெரும்பாலும் அதிகப் பாலிமர் போட வேண்டும் என்பதால், மறைந்த மேற்பரப்பும் அளவோடு சேர்ந்தே மாறும். காற்றில் சுட்டு எரித்தால் பாலிமர் போகும், துகளும் வளரும். பாலிவினைல் ஆல்கஹால் என்றால் சூடான நீரில் நன்றாகக் கழுவினாலே கணிசமாகப் போய்விடும். கந்தகம் உள்ள தயோல் வகை பிணைப்பிகளைத் தொடாதீர்கள், கந்தகம் உலோகத்தை விட்டுப் போகாது.

என் பரிந்துரை: ஐந்து அளவையும் கூழ்ம வழியில், ஒரே தாங்கியில், ஒரே உலோக சதவீதத்தில் செய்யுங்கள். நடு அளவு ஒன்றை மட்டும், தாங்கியை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சுடும் பழைய வழியிலும் செய்யுங்கள். இரண்டு வழியில் வந்த ஒரே அளவுத் துகள்கள் ஒரே வேகம் காட்டினால், உங்கள் தொடரை நம்பலாம். காட்டாவிட்டால் தயாரிப்பு முறைதான் பேசுகிறது. இந்த ஆறாவது மாதிரிக்கு ஒரு வாரம் கூடுதலாகும். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன்.

தாங்கி விஷயத்தில் அமிலத்தன்மை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சின்னமால்டிஹைடும் மெத்தனாலும் அமிலத் தாங்கியும் ஒன்று சேர்ந்தால் அசிட்டால் உருவாகும். ஜிசியில் பெயர் தெரியாத ஒரு மேடு எழும், அதை விளைபொருள் என்று எண்ணிக்கொண்டு நீங்கள் இரண்டு வாரம் சுற்றுவீர்கள்.

4. அளவை அளப்பது: ஒரே தூளுக்கு மூன்று விடை

இந்தப் பகுதியில் நின்று நிதானமாகப் போவோம். மற்ற தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

நூறு துகளை எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 துகள் 2 நானோமீட்டர், 10 துகள் 6 நானோமீட்டர். எண்ணிக்கைச் சராசரி எடுத்தால் 2.4 நானோமீட்டர். டெம் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் வினை நடப்பது மேற்பரப்பில். ஆகவே விட்டங்களின் கனங்களைக் கூட்டி, வர்க்கங்களின் கூட்டலால் வகுக்க வேண்டும். 2880-ஐ 720-ஆல் வகுத்தால் 4.0 நானோமீட்டர். அந்தப் பத்துப் பெரிய துகள்களில் மொத்த மேற்பரப்பில் சரிபாதியும், மொத்த உலோகத்தில் முக்கால்வாசியும் இருக்கின்றன. எக்ஸ்ஆர்டி கன அளவைச் சார்ந்து எடை போடுவதால் அதே தூளுக்குச் சுமார் 5 நானோமீட்டர் என்று சொல்லும்.

2.4, 4.0, 5.0. மூன்றும் தவறில்லை. மூன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை. ஓர் அணுவுக்கான வேகம் கணக்கிட உங்களுக்கு வேண்டியது நடுவில் உள்ளது.

பல்லேடியத்துக்கும் பிளாட்டினத்துக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: 1.1-ஐ நானோமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால், மொத்த அணுக்களில் மேற்பரப்பில் இருக்கும் பங்கு தோராயமாகக் கிடைக்கும். இதைச் சிதறல் என்போம். 2.4 போட்டால் 46%, 4.0 போட்டால் 28%. சராசரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரே காரணத்தால் உங்கள் விடை ஒன்றரை மடங்குக்கு மேல் தப்பிவிட்டது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. குறைந்தது 200 துகள், முடிந்தால் 300, வலைத்தட்டின் வேறு வேறு இடங்களிலிருந்து எண்ணுங்கள். அழகான மூலையை மட்டும் படம் எடுக்காதீர்கள். பெரிய துகள் ஒன்று தென்பட்டால் "இது விதிவிலக்கு" என்று விட்டுவிடத் தோன்றும். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், அந்த விதிவிலக்கில்தான் உலோகம் இருக்கிறது. மறுபக்கம், தனித்தனி அணுக்களாகவும் மிகச்சிறு கொத்துகளாகவும் ஒட்டியிருக்கும் உலோகம் சாதாரண டெம்மில் தெரியவே தெரியாது. எக்ஸ்ஆர்டியிலும் 2 நானோமீட்டர் பக்கம் வந்தால் மேடு அகன்று பின்னணியில் கரைந்துவிடும். பெரிய துகள்களின் மேடு மட்டும் மிஞ்சி உங்களை ஏமாற்றும்.

அதனால் டெம்மோடு வாயு உறிஞ்சல் அளவீட்டையும் சேர்த்துச் செய்யுங்கள். பிளாட்டினத்தில் ஒரு மேற்பரப்பு அணுவுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு என்று கொள்ளலாம். பல்லேடியத்தில் அப்படி முடியாது: ஒரே கார்பன் மோனாக்சைடு இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம் போட்டு உட்காரும், அதன் விகிதமும் துகள் அளவோடு மாறும். பல்லேடியத்தில் ஹைட்ரஜனை வைத்து அளப்பதானால் ஹைட்ரைடு உண்டாகாத நிலையில், அதாவது 70–100 டிகிரி செல்சியஸில் குறைந்த அழுத்தத்தில், அளவிட வேண்டும். அறை வெப்பநிலையில் அளந்தால் மேற்பரப்பில் ஒட்டியதும் உள்ளே போனதும் கலந்து வந்து, 100 சதவீதத்துக்கு மேல் சிதறல் கிடைக்கும் அதிசயம் நடக்கும்.

டெம்மும் உறிஞ்சலும் ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதீர்கள். டெம் சொல்வதைவிட உறிஞ்சல் மிகவும் குறைவாக இருந்தால், பாலிமரோ குளோரைடோ மேற்பரப்பை மறைத்திருக்கிறது. கழுவிவிட்டு மறுபடி அளக்கவும்.

உலோக சதவீதத்தையும் நீங்கள் போட்ட கணக்கை வைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐசிபியில் (கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் கருவி) அளந்ததே கணக்கு. கூழ்ம வழியில் பாதி உலோகம் வடிநீரோடு போய்விடுவதெல்லாம் சகஜம்.

5. கலனை ஏற்றுவது

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் தீப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும்: நைட்ரஜனில் கசிவுச் சோதனை, நைட்ரஜனால் மூன்று முறை அலசல், ஹைட்ரஜனால் மூன்று முறை அலசல், அப்புறம் அழுத்தம். கலனில் திரவம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது.

சிறிய பல்லேடியம் துகள்கள் காற்றில் வைத்தாலே மேற்பரப்பில் ஆக்சைடாகிவிடும். வினைபொருளைச் சேர்க்கும் முன் கரைப்பானில் ஹைட்ரஜன் அழுத்தத்தில் ஒடுக்கிக்கொள்ளுங்கள். எல்லா மாதிரிக்கும் அதே நேரம், அதே வெப்பம். இதைச் செய்யாவிட்டால் முதல் சில நிமிடங்களில் சிறிய துகள் "மெதுவாக" இருப்பது போலத் தெரியும், அது ஆக்சைடு போக எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே.

வினைபொருளின் தூய்மையையும் பாருங்கள். சின்னமால்டிஹைடு புட்டியைத் திறந்து வைத்தால் மெல்லச் சின்னமிக் அமிலமாகும், அமிலம் உலோகத்தில் ஒட்டும். புதிதாக வடித்து, நைட்ரஜனில் வையுங்கள்.

வினை முடிந்து வடிகட்டும்போது ஒன்று நினைவிருக்கட்டும். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம், மெத்தனால் ஆவி, காற்று மூன்றும் சேரும் இடம் வடிதாள். ஒரு நாள் நான் தாளை உலர விட்டுவிட்டு ஜிசி பக்கம் போனேன். திரும்பி வந்தபோது கருப்புத் தூளின் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கரைப்பான் புட்டி. தண்ணீரைப் பீய்ச்சி அணைத்தேன். நைட்ரஜனால் முழுக்க அலசிய பிறகே கலனைத் திறங்கள், தூளை ஈரமாகவே வையுங்கள், வடிதாளைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள்.

6. வேகத்தை அளக்கும் முன்: ஹைட்ரஜன் போய்ச் சேருகிறதா?

எட்டு மாதத்தைத் தின்ற படி இதுதான்.

ஹைட்ரஜன் திரவத்தில் கரைவது மிகக் குறைவு. அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிமோல்கூடக் கரையாது. கரிமக் கரைப்பான்களில் அதைப் போலச் சில மடங்கு, அவ்வளவுதான். வினையூக்கி நல்ல வேகம் கொண்டதென்றால் கரைந்த ஹைட்ரஜனை உடனே தின்றுவிட்டு, அடுத்தது வாயுவிலிருந்து இறங்கி வரும் வரை காத்திருக்கும். அப்போது மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது துகள் அல்ல, கலக்கி.

அந்த நிலையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு வினையூக்கி, இரண்டிலும் 50 மில்லிகிராமில் 1% பல்லேடியம், அதாவது 4.7 மைக்ரோமோல். ஒன்று 2.2 நானோமீட்டர், சிதறல் 50%, மேற்பரப்பு அணுக்கள் 2.35 மைக்ரோமோல். மற்றது 5.5 நானோமீட்டர், சிதறல் 20%, மேற்பரப்பு அணுக்கள் 0.94 மைக்ரோமோல். கலக்கிதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றால் இரண்டுக்கும் ஒரே வேகம் வரும். 5 நிமிடத்தில் 2 மில்லிமோல் மாறியது என்று வைத்தால் விநாடிக்கு 6.67 மைக்ரோமோல். இதை மேற்பரப்பு அணுக்களால் வகுத்தால் முதலாவதுக்கு விநாடிக்கு 2.8, இரண்டாவதுக்கு 7.1. பெரிய துகள் இரண்டரை மடங்கு திறமைசாலி! இரண்டரை என்ற எண் எங்கிருந்து வந்தது? 5.5-ஐ 2.2-ஆல் வகுத்ததிலிருந்து. நீங்கள் அளந்தது எதுவும் அதில் இல்லை. என் நேர்கோடு இப்படிப் பிறந்ததுதான். ஆல்கைனில் பெரிய துகள் வேகமானது என்று நிஜமாகவே எதிர்பார்ப்பு இருப்பதால் யாருக்கும், எனக்கும், சந்தேகம் வரவில்லை.

ஆகவே தொடரைத் தொடங்கும் முன், உங்களிடம் உள்ளதிலேயே வேகமான மாதிரியை வைத்து ஒரு வாரம் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

கலக்கியின் வேகத்தை மாற்றுங்கள். வினை வேகம் மாறாத பகுதிக்கு மேலே வேலை செய்யுங்கள். காந்தக் கலக்கி என்றால் தட்டின் திரை காட்டும் சுற்று வேறு, உள்ளே குச்சி சுற்றுவது வேறு. அதிக வேகத்தில் குச்சி நழுவித் துள்ளும், திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வினையூக்கியின் அளவைப் பாதியாக்குங்கள், இருமடங்காக்குங்கள். வேகமும் அதே விகிதத்தில் மாற வேண்டும். இருமடங்கு போட்டும் வேகம் ஏறவில்லை என்றால் ஹைட்ரஜன் வந்து சேரவில்லை. இருமடங்கு போட்டால் மூன்று மடங்கு ஏறுகிறது என்றால் அது வேறு கதை: வினைபொருளில் நஞ்சு இருக்கிறது, முதல் கொஞ்சம் வினையூக்கி அதிலேயே செத்துப்போகிறது.

இந்த இரண்டிலும் தேறினாலும் தாங்கியின் நுண்துளைக்குள் சிக்கல் இருக்கலாம், கலக்கி அங்கே எட்டாது. தூளை நன்றாக அரைத்துச் சலித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், துளைக்குள் பரவல் வினையை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் வைஸ்–பிரேட்டர் எண்ணையும் கணக்கிடுங்கள். அது 0.3-க்கு நன்றாகக் கீழே இருந்தால் நிம்மதி. இதைவிட உறுதியான சோதனை மேடன்–பூடார்ட் சோதனை: ஒரே சிதறலில், வேறு வேறு உலோக சதவீதத்தில் இரண்டு மாதிரி செய்து, ஓர் அணுவுக்கான வேகம் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. வேலை அதிகம்தான். ஆனாலும் ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடுபவர் வாயை அடைக்க இதுபோல் எதுவுமில்லை.

மூன்று வெப்பநிலையில் ஓட்டி ஆற்றல் தடையையும் பாருங்கள். மோலுக்கு 10–15 கிலோஜூல் போலச் சின்ன எண் வந்தால் சந்தேகப்படுங்கள், அது வேதிவினையின் எண் போல இல்லை.

எதிலும் தேறவில்லை என்றால் தீர்வு எளிது: வினையூக்கியைக் குறையுங்கள், வெப்பத்தைக் குறையுங்கள். வினை மெதுவாக நடக்கட்டும். வேகமாக நடந்தால்தான் கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பை இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள்.

7. உண்மையான ஓட்டம்

ஐந்து மாதிரி, ஒவ்வொன்றும் மூன்று தடவை, பதினைந்து ஓட்டம். வெறும் தாங்கியோடு ஓர் ஓட்டம், எதுவும் இல்லாமல் ஓர் ஓட்டம். நாளுக்கு ஒன்று என்றால் சுமார் நான்கு வாரம். மாதிரிகளை அளவு வரிசையில் ஓட்டாதீர்கள், குலுக்கி ஓட்டுங்கள். சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக ஓட்டினால், கலன் சுவரில் படியும் உலோகமும் அதே வரிசையில் கூடிக்கொண்டே போய் "அளவு விளைவு" காட்டும்.

வேகத்துக்கு, 10–15 சதவீதம் மாறுவதற்குள் மூன்று நான்கு புள்ளிகள் எடுங்கள். உள் தரமாக (வினையில் சேராத ஒப்பீட்டுப் பொருளாக) டோடெகேன் போன்ற ஒன்றை முதலிலேயே கலந்து, ஒவ்வொரு புள்ளியிலும் போட்டதெல்லாம் கணக்கில் வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏதோ காணாமல் போகிறது: ஆவியாகியிருக்கும், ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் நான் சொன்ன அசிட்டால்.

8. தேர்வுத்திறனை ஒரே மாற்ற அளவில் ஒப்பிடுங்கள்

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் சிறிய துகள் 82% ஸ்டைரீன், பெரிய துகள் 95% என்று அட்டவணை போடுகிறார்கள். சிறிய துகளில் ஆல்கைன் முழுக்கத் தீர்ந்திருக்கும், பெரியதில் அறுபது சதவீதம்தான் மாறியிருக்கும். அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

ஆல்கைன் இருக்கும்வரை அது மேற்பரப்பை ஆக்கிரமித்துக்கொண்டு ஸ்டைரீனை உட்கார விடாது. கடைசிச் சொட்டு ஆல்கைன் தீர்ந்த கணத்தில் ஸ்டைரீன் விழுந்தடித்துக்கொண்டு எத்தில்பென்சீனாகும். 98 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்குப் போகும் சில நிமிடங்களில் தேர்வுத்திறன் சரிந்துவிடும். ஆகவே ஒற்றை எண் வேண்டாம், முழு வளைகோடு வேண்டும். ஆல்கைன் 50 சதவீதம் மாறிய இடத்திலும் 90 சதவீதம் மாறிய இடத்திலும் ஒப்பிடுங்கள், ஆல்கைன் தீர்ந்த பின் சரியும் வேகத்தைத் தனியாகப் பாருங்கள். அளவு வித்தியாசம் பல சமயம் அந்தச் சரிவில்தான் தெளிவாகத் தெரியும். வினை முடிவை நெருங்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

9. வரைபடம் போடும்போது

மேற்பரப்பு அணுவுக்கான வேகத்தை மட்டும் வரையாதீர்கள். அந்த எண்ணில் அளவு ஏற்கெனவே வகுத்தியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தோம். மொத்த உலோக மோலுக்கான வேகத்தை விட்டத்துக்கு எதிரே, இரண்டு அச்சும் மடக்கையில், வரையுங்கள். எல்லா மேற்பரப்பு அணுவும் ஒரே மாதிரி உழைத்தால் சரிவு −1 பக்கம் வரும். விளிம்பு அணுக்கள் மட்டும் உழைத்தால் −2, மூலைகள் மட்டும் என்றால் −3. நிஜத் தரவு இவற்றில் எதிலும் துல்லியமாக உட்காராது, ஐந்து புள்ளியை வைத்து −1.6 என்றெல்லாம் அடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் சரிவு 0 வந்தால், அதாவது அளவு எதுவானாலும் ஒரே வேகம் என்றால், முதலில் ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள். என் பழைய தரவை இப்படி வரைந்திருந்தால் முதல் வாரத்திலேயே படுத்துக்கிடக்கும் கோட்டைப் பார்த்திருப்பேன்.

கிடைமட்டப் பிழைக்கோடுகளையும் போடுங்கள். 2.0 ± 0.5, 2.6 ± 0.8 என்ற இரண்டு மாதிரிகள் இரண்டு அளவு அல்ல, ஒரே அளவு.

10. வினைக்குப் பின்

முடிந்த வினையூக்கியை மறுபடி டெம்மில் பாருங்கள். 2 நானோமீட்டர் என்று தொடங்கியது வினையின்போதே 4 ஆகியிருந்தால் உங்கள் அச்சில் உள்ள எண் பொய். வடிநீரை ஐசிபிக்கு அனுப்புங்கள். கரைந்து வெளியேறும் உலோகம் சிறிய துகளிலிருந்தே அதிகம் வரும்.

நோட்டில் இவை இருக்க வேண்டும்: உப்பு, தாங்கி இரண்டின் தொகுதி எண், ஒடுக்கிய நேரமும் வெப்பமும், கலக்கியின் சுற்று, கலனின் எண், டெம் மூலக் கோப்புகளும் அவற்றின் அளவுகோலும், ஜிசி அளவுதிருத்தத் தேதி. துகள்களை எண்ணிய பட்டியலைச் சராசரியாகச் சுருக்காமல் ஒவ்வொரு விட்டமாக அப்படியே வையுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் பயன்படுத்தாத தூள் 200 மில்லிகிராமாவது நைட்ரஜன் அடைத்த குப்பியில், பெயரும் தேதியும் பென்சிலால் எழுதிய தாளை உள்ளே போட்டு, எடுத்து வையுங்கள். மார்க்கரில் எழுதினால் அசிட்டோன் ஒரு சொட்டு பட்டாலே பெயர் போய்விடும். கட்டுரையை அனுப்பி நான்கு மாதம் கழித்து, "மூன்றாம் மாதிரியின் குளோரைடு அளவைத் தர முடியுமா?" என்று ஒரு வரி வரும்.